விசா ஸ்டாம்பிங்குக்கு ஊருக்கு வர்றீங்களா? டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போடுங்க



அமெரிக்காவுல மாஸ்டர்ஸோ பிஎச்.டி.யோ முடிச்சு, இப்போ ஓபிடியில வேலை பார்க்கிறீங்கன்னு வச்சுக்கலாம். பாஸ்போர்ட்டைப் புரட்டினா எஃப்-1 விசா தேதி முடிஞ்சிருக்கு. ஊர்ல அக்கா கல்யாணம். "மூணு வாரம் லீவு போட்டுப் போவோம், அப்படியே ஸ்டாம்பிங்கும் முடிச்சுட்டு வந்துடுவோம்"னு தோணும். நியாயமான ஆசைதான்.

இல்லன்னா நீங்க சென்னையிலயோ கோவையிலயோ வேலை பார்க்கிறீங்க, தம்பியோ தங்கச்சியோ அங்க இருக்காங்க. அவங்க கல்விக் கடன்ல நீங்க கோ-அப்ளிகன்ட். இந்தக் கட்டுரை உங்களுக்கும் சேர்த்துதான்.

இந்தப் பயணத்துக்குப் பெரும்பாலானவங்க போடுற பட்ஜெட்ல மூணே வரி இருக்கும்: டிக்கெட், விசா கட்டணம், ஊருக்கு வாங்கிட்டுப் போற சாமான். நாலாவதா ஒரு வரி இருக்கு. அதுதான் பெரிய தொகை. அதோட பேரு தாமதம். மூணு வாரம்னு போனது மூணு மாசம் ஆச்சுன்னா, வாடகை நிக்காது, கார் லோன் நிக்காது, கல்விக் கடன் இஎம்ஐ நிக்காது. சம்பளம் மட்டும் நின்னுடும்.

அதனால முதல்ல பேப்பர், அப்புறம் பணம், ரெண்டையும் வரிசையா பார்த்துடுவோம். இதுல சொல்ற விதிகள் 2025 இறுதி நிலவரம். கிளம்புறதுக்கு முன்னாடி அமெரிக்க வெளியுறவுத் துறை தளத்துலயும் உங்க காலேஜோட இன்டர்நேஷனல் ஆஃபீஸ்லயும் ஒரு தடவை சரிபார்த்துக்கோங்க.

1. முதல் கேள்வி: போயே ஆகணுமா?

விசா வேற, ஸ்டேட்டஸ் வேற. பாஸ்போர்ட்ல ஒட்டியிருக்கிற விசா, அமெரிக்க வாசல்ல நின்னு உள்ள விடச் சொல்லிக் கேட்கிறதுக்கான சீட்டு. உள்ள வந்த பிறகு நீங்க எவ்வளவு நாள் இருக்கலாம்னு சொல்றது ஐ-94 பதிவும், ஐ-20ம், ஓபிடியில இருந்தா இஏடி கார்டும்தான். இதெல்லாம் சரியா இருந்தா, விசா தேதி முடிஞ்ச பிறகும் நீங்க சட்டப்படி அங்கேயே இருக்கலாம், வேலை பார்க்கலாம்.

"விசா எக்ஸ்பயர் ஆயிடுச்சு, உடனே புதுப்பிக்கணும்"னு பதறவே வேண்டாம். நாட்டை விட்டு வெளியே போய்த் திரும்பி வரும்போதுதான் அது தேவைப்படும். அதே சமயம், எஃப்-1 விசாவை அமெரிக்காவுக்குள்ள இருந்தே புதுப்பிக்க வழி கிடையாது. 2024 தொடக்கத்துல உள்நாட்டுலயே புதுப்பிக்கிற ஒரு சோதனைத் திட்டம் நடந்துச்சு. அது ஹெச்-1பி காரங்களுக்கு மட்டும்.

யாருக்கு இந்தத் தேவை வருது? இந்தியர்களுக்கு எஃப்-1 விசா பொதுவா 5 வருஷத்துக்குக் குடுப்பாங்க. மாஸ்டர்ஸ் 2 வருஷம், ஓபிடி 1 வருஷம், ஸ்டெம் ஓபிடி 2 வருஷம்: கூட்டினா சரியா 5. அந்தக் கணக்குல வர்றவங்களுக்கு விசா கடைசி வரைக்கும் தாங்கும். பிஎச்.டி. பண்றவங்க, பேச்சலர்ஸ்ல இருந்தே அங்க படிச்சவங்க, ரெண்டாவது மாஸ்டர்ஸ் எடுத்தவங்க, இவங்களுக்குத்தான் நடுவுலயே தேதி முடியும்.

பக்கத்துல கனடா அல்லது மெக்சிகோவுக்கு 30 நாளுக்குள்ள போய்ட்டு வர்றதா இருந்தா, முடிஞ்ச விசாவோடவே திரும்ப உள்ள வர ஒரு சலுகை இருக்கு. இதை ஆட்டோமேட்டிக் ரீவேலிடேஷன்னு சொல்வாங்க. ஐ-94, ஐ-20 எல்லாம் சரியா இருக்கணும். அங்க போய்ப் புது விசாவுக்கு விண்ணப்பிச்சுட்டா இந்தச் சலுகை போயிடும். அந்த நாட்டுக்குள்ள போறதுக்குத் தேவையான அவங்க விசாவைத் தனியா வாங்கிக்கணும்.

2. சீனியர் சொன்ன வழி இப்போ இல்ல

2022, 2023ல ஸ்டாம்பிங் போன அண்ணன்கள் சொல்ற அறிவுரை இன்னைக்கு அப்படியே பொருந்தாது. 2025ல மட்டும் இவ்வளவு மாறியிருக்கு:

• மறு தேதி: இந்தியாவுல 2025 ஜனவரி 1ல இருந்து, அப்பாயின்ட்மென்ட்டை ஒரு தடவைதான் கட்டணமில்லாம மாத்த முடியும். ரெண்டாவது தடவை மாத்தணும்னாலோ, போகாம விட்டுட்டாலோ, கட்டணத்தை மறுபடியும் கட்டணும்.

• சோஷியல் மீடியா: 2025 ஜூன்ல இருந்து எஃப் விசாவுக்கு விண்ணப்பிக்கிறவங்க எல்லா சமூக ஊடகக் கணக்கையும் பப்ளிக்கா வைக்கணும். டிஎஸ்-160 படிவத்துல கடந்த 5 வருஷமா பயன்படுத்தின கணக்குப் பேரைக் கேட்பாங்க. ஒண்ணையும் விடாம எழுதுங்க.

• டிராப்பாக்ஸ்: இன்டர்வியூ இல்லாம பாஸ்போர்ட்டைப் போட்டுட்டு வர்ற வசதி எஃப்-1க்கு 2025 செப்டம்பர் 2ல இருந்து கிடையாது. புதுப்பிக்கிறதா இருந்தாலும் நேர்ல போய் நிக்கணும்.

• மூணாவது நாடு: "மெக்சிகோவுல போய் முடிச்சுட்டேன்"னு யாராவது சொன்னா அது பழைய கதை. 2025 செப்டம்பர் 6ல வந்த உத்தரவுப்படி, குடியுரிமை உள்ள நாட்டுலயோ வசிக்கிற நாட்டுலயோதான் விண்ணப்பிக்கணும். வேற ஊர்ல கட்டின கட்டணம் திரும்பக் கிடைக்காது, இங்க மாத்தவும் முடியாது.

கடைசியா சொன்னதுதான் பணக் கணக்கை மாத்துது. முன்னாடி பக்கத்து நாட்டுக்குப் போய் ஒரு வாரத்துல திரும்பலாம்கிற மாற்று வழி இருந்துச்சு. இப்போ சென்னை, ஹைதராபாத், மும்பை, டெல்லி, கொல்கத்தா, இந்த அஞ்சுல ஒண்ணுதான். அங்க கதவு மூடினா பின்வாசல் கிடையாது.

இது சும்மா பயமுறுத்தல் இல்ல. 2025 டிசம்பர்ல ஹெச்-1பி விண்ணப்பங்களுக்கும் இணையப் பதிவு பரிசோதனை வந்தப்போ, இந்தியாவுல ஏற்கெனவே போட்டிருந்த நிறைய இன்டர்வியூ தேதிகளை 2026க்குத் தள்ளிட்டாங்க. கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்தவங்க பலர் இங்கேயே நின்னுட்டாங்க. அவங்க பேப்பர்ல எந்தக் குறையும் இல்ல. விதி நடுவுல மாறிடுச்சு, அவ்வளவுதான்.

3. நீங்க எந்தக் கட்டத்துல இருக்கீங்க?

ஒரே எஃப்-1 தான். ஆனா ரிஸ்க் கட்டத்துக்குக் கட்டம் மாறும்.

படிச்சுட்டு இருக்கீங்க, அடுத்த செமஸ்டருக்குப் பதிவும் ஆயிடுச்சு: போறதுக்கு ஓரளவு பாதுகாப்பான நேரம் இதுதான். வெளியே 5 மாசத்துக்கு மேல ஆகாம பார்த்துக்கோங்க. ஆனா ஸ்டேட்டஸுக்கே சிக்கல்.

படிப்பு முடிஞ்சது, ஓபிடிக்குப் போட்டிருக்கீங்க, இஏடி கார்டு இன்னும் வரல: தள்ளிப் போடுங்க. கையில கார்டும் வேலையும் இல்லாம இன்டர்வியூல நின்னா, "எதுக்குத் திரும்பப் போறீங்க?"ங்கிற கேள்விக்குப் பதில் பலவீனமாயிடும்.

ஓபிடி, இஏடி கையில, வேலையும் இருக்கு: போகலாம். ஐ-20ல டிராவல் கையெழுத்தும் கம்பெனி லெட்டரும் கட்டாயம் எடுத்துக்கோங்க.

ஓபிடி இருக்கு, வேலை இல்ல: ஓபிடியில மொத்தம் 90 நாள்தான் வேலையில்லாம இருக்க முடியும். ஸ்டெம் ஓபிடி கிடைச்சா கூட 60 சேர்ந்து மொத்தம் 150. வேலையில்லாம ஊர்ல இருக்கிற நாளும் இந்தக் கணக்குல ஓடும். வேலையில இருந்துக்கிட்டு, கம்பெனி அனுமதிச்ச லீவுல போனா ஓடாது. அதனால லீவு அனுமதியை ஈமெயில்ல வாங்கி வச்சுக்கோங்க.

ஸ்டெம் ஓபிடி விண்ணப்பம் நிலுவை, பழைய இஏடி முடிஞ்சது: 180 நாள் வரைக்கும் வேலை பார்க்க அனுமதி தானா நீளும். ஆனா வெளியே போய்த் திரும்ப வர்றதுக்கு அதை நம்பாதீங்க. புது கார்டு கைக்கு வரட்டும்.

ஹெச்-1பி லாட்டரியில பேர் வந்து, கம்பெனி சேஞ்ச் ஆஃப் ஸ்டேட்டஸ் போட்டிருக்கு: இங்கதான் ரொம்ப கவனம். அந்த விண்ணப்பம் முடிவாகிறதுக்கு முன்னாடி நாட்டை விட்டுப் போனா, ஸ்டேட்டஸ் மாத்தச் சொன்ன கோரிக்கையை நீங்களே கைவிட்டதா எடுத்துப்பாங்க. இதுக்கு முன்னாடி அதோட விலை கூடுதலா ஒரு ஸ்டாம்பிங், அவ்வளவுதான். 2025 செப்டம்பர் 21ல 12 மாசத்துக்குன்னு அமலுக்கு வந்த உத்தரவுல, புது ஹெச்-1பி மனுவுக்கு 1,00,000 டாலர்னு ஒரு தொகை இருக்கு. உள்ளேயே இருந்து ஸ்டேட்டஸ் மாத்துறவங்களுக்கு அது இல்ல. ஆனா முடிவு வர்றதுக்கு முன்னாடி வெளியே போயிட்டா அந்தத் தொகை பொருந்தும்னு யுஎஸ்சிஐஎஸ் விளக்கம் சொல்லுது. ஒரு விமான டிக்கெட்டுக்காக எந்தக் கம்பெனியும் உங்களுக்கு அவ்வளவு பணம் கட்டாது. மார்ச்ல பேர் வந்துடுச்சுன்னா, கம்பெனி வக்கீல்கிட்ட கேட்காம டிக்கெட் தேடவே ஆரம்பிக்காதீங்க.

இன்னொண்ணு. எந்தக் கட்டத்துல இருந்தாலும், குடிச்சுட்டு ஓட்டினது உட்பட எந்த ஒரு கைதாவது இருந்தா, கேஸ் தள்ளுபடி ஆயிருந்தாலும், குடியேற்ற வக்கீல்கிட்ட பேசிட்டுத்தான் கிளம்பணும். வக்கீல் ஃபீஸ் சில நூறு டாலர் ஆகலாம். பரவாயில்ல.

4. ஃபைல்ல என்ன இருக்கணும்?

இதை ரெண்டா பிரிச்சு வச்சுக்கோங்க. முதல் கட்டு, இது இல்லாம உள்ளேயே விட மாட்டாங்க:

• பாஸ்போர்ட்: திரும்பி வர்ற தேதியில இருந்து குறைஞ்சது 6 மாசம் செல்லுபடியா இருக்கட்டும். பழைய விசா பழைய பாஸ்போர்ட்ல இருந்தா அதையும் எடுத்துக்கோங்க.

• ஐ-20: ரெண்டாவது பக்கத்துல டிஎஸ்ஓ, அதாவது உங்க காலேஜ்ல வெளிநாட்டு மாணவர் ஃபைலைப் பார்க்கிற அதிகாரி, போட்ட டிராவல் கையெழுத்து. படிக்கிறவங்களுக்கு இது 1 வருஷம் செல்லும். ஓபிடியில இருக்கிறவங்களுக்கு 6 மாசம்தான். நிறைய பேர் இங்கதான் கோட்டை விடுறாங்க. திரும்ப உள்ள நுழையுற நாள்ல அந்தக் கையெழுத்து உயிரோட இருக்கணும். தாமதம் ஆகும்னு வச்சுக்கிட்டு, கிளம்புறதுக்கு முந்தின வாரம் புதுசா வாங்குங்க.

• டிஎஸ்-160 உறுதிப் பக்கம்: இதுல இருக்கிற பார்கோடு எண்ணும் அப்பாயின்ட்மென்ட்ல குடுத்த எண்ணும் ஒண்ணா இருக்கணும். படிவத்தைத் திரும்ப நிரப்பினா எண் மாறிடும், கவனம்.

• விசா கட்டண ரசீது: எஃப்-1க்கு 185 டாலர். கட்டின நாள்ல இருந்து 365 நாளுக்குள்ள அப்பாயின்ட்மென்ட் போட்டுடணும்.

• செவிஸ் கட்டண ரசீது: முதல் தடவை கட்டின 350 டாலர் ரசீது போதும். ஐ-20ல செவிஸ் எண் மாறாம இருந்தா மறுபடியும் கட்ட வேண்டியதில்ல. வேற படிப்புக்குப் புது எண்ணோட ஐ-20 வாங்கியிருந்தா கேட்டுக்கோங்க.

• அப்பாயின்ட்மென்ட் உறுதித் தாள்: கைரேகை, போட்டோவுக்கு ஒரு நாள், இன்டர்வியூவுக்கு ஒரு நாள். ரெண்டுக்கும்.

ரெண்டாவது கட்டு, கேட்டா காட்டுறதுக்கு:

• இஏடி கார்டு, ஸ்டெம் ஓபிடினா ஐ-983 படிவத்தோட நகல்
• கம்பெனி லெட்டர்: பதவி, சம்பளம், சேர்ந்த தேதி, லீவு அனுமதிச்ச நாட்கள், இதெல்லாம் இருக்கணும்
• கடைசி மூணு மாச சம்பளச் சீட்டு, டபிள்யூ-2
• டிகிரி சான்றிதழ், மார்க் ஷீட்
• படிக்கிறவங்களுக்கு: அடுத்த செமஸ்டர் பதிவு, கல்விக் கடன் அனுமதிக் கடிதம் அல்லது பேங்க் ஸ்டேட்மென்ட்

2025 ஜூலையில கையெழுத்தான ஒரு சட்டத்துல, விசா கிடைக்கும்போது கட்ட வேண்டிய 250 டாலர் விசா இன்டக்ரிட்டி கட்டணமும் இருக்கு. நீங்க போற நேரத்துல அதை வசூலிக்கிறாங்களான்னு பார்த்து, பட்ஜெட்ல ஒரு வரி ஒதுக்கி வைங்க.

ஸ்லாட் வாங்கித் தர்றோம்னு சொல்றவங்க பத்தி: டெலிகிராம் குரூப்ல உங்க லாகின், பாஸ்வேர்டு கேட்டு, "ரெண்டு நாள்ல ஸ்லாட்"னு சொல்வாங்க. 2025 மார்ச்ல இந்தியாவுல பாட் வச்சுப் போட்ட சுமார் 2,000 அப்பாயின்ட்மென்ட்டை அமெரிக்கத் தூதரகம் ஒரே அடியா ரத்து பண்ணி, அந்தக் கணக்குகளையும் முடக்குச்சு. ஏஜென்டுக்குக் குடுத்த பணம் போச்சு, ஸ்லாட்டும் போச்சு. பாஸ்வேர்டை யார்கிட்டயும் குடுக்காதீங்க.

5. எந்த வழியா பறக்கிறீங்க?

மலிவான டிக்கெட்ல ஒரு பொறி இருக்கு. விசா முடிஞ்ச நிலையில அமெரிக்காவுல இருந்து லண்டன் வழியா வந்தா, விமானம் மட்டும் மாத்துறதா இருந்தாலும் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு டிரான்சிட் விசா கேட்பாங்க. செல்லுபடியாகுற அமெரிக்க விசா இருந்தா விலக்கு உண்டு. உங்களுக்குத்தான் அது முடிஞ்சு போச்சே! ஐரோப்பாவுல மாறுற வழிகளுக்கும் இதே மாதிரி விதிகளைப் பார்த்துட்டுத்தான் டிக்கெட் போடணும். விமான நிலையக் கவுன்ட்டர்லயே ஏத்த மாட்டேன்னு சொல்லிட்டா, அந்த டிக்கெட் காசு அநேகமா போனதுதான்.

துபாய், தோஹா, அபுதாபி வழியா வந்தா, விமான நிலையத்துக்குள்ளேயே மாறுறதுக்கு விசா தேவையில்ல. திரும்பும்போது அபுதாபி வழியா போனா ஒரு வித்தியாசம் இருக்கு: அமெரிக்கக் குடியேற்றச் சோதனை அங்கேயே நடக்கும். அதனால ஐ-20, இஏடி, கம்பெனி லெட்டர் எல்லாம் கைப்பையில இருக்கட்டும். செக்-இன் பெட்டிக்குள்ள போட்டுட்டா அங்க எடுக்க முடியாது.

முக்கியமான வரிசை: முதல்ல ஸ்லாட், அப்புறம் டிக்கெட். அதுவும் தேதி மாத்தக் கூடிய டிக்கெட். 100 டாலர் கூடுதலா இருந்தாலும் பரவாயில்ல.

ஸ்லாட் பார்க்கும்போது காலண்டரையும் பாருங்க. தூதரகம் அமெரிக்க விடுமுறைக்கும் மூடும், இந்திய விடுமுறைக்கும் மூடும். டிசம்பர் கடைசியில இருந்து ஜனவரி வரைக்கும் கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல், மார்ட்டின் லூதர் கிங் தினம், குடியரசு தினம்னு வரிசையா வரும். ஊருக்குப் போக எல்லாருக்கும் ஆசை வர்ற மாசம். வேலை நாள் குறைவா இருக்கிற மாசமும் அதேதான்.

6. இப்போ கணக்கு

ஒரு உதாரணம் எடுத்துப்போம். டல்லாஸ்ல ஸ்டெம் ஓபிடியில வேலை பார்க்கிற ஒருத்தர். எண்கள் எல்லாம் கணக்குக்காக நாம வச்சுக்கிட்டது; உங்க எண்ணைப் போட்டுப் பாருங்க. ஒரு டாலர் 90 ரூபாய்னு வச்சுக்கலாம்.

அவர் போட்ட பட்ஜெட்:

• போக வர டிக்கெட்: 1,400 டாலர்
• விசா கட்டணம்: 185 டாலர்
• ஊர்ல செலவு, சென்னை போக்குவரத்து: 300 டாலர்
• மொத்தம்: 1,885 டாலர், அதாவது சுமார் 1.70 லட்சம் ரூபாய்

அவர் ஊர்ல இருந்தாலும் மாசாமாசம் அங்க ஓடுற செலவு:

• வாடகை: 900 டாலர்
• கார் லோனும் இன்ஷூரன்ஸும்: 550 டாலர்
• போன், கரன்ட், இன்டர்நெட்: 100 டாலர்
• இந்தியக் கல்விக் கடன் இஎம்ஐ 54,000 ரூபாய்: 600 டாலர்
• மொத்தம்: 2,150 டாலர்

இன்டர்வியூல 221(ஜி)ன்னு ஒரு தாளைக் குடுத்து, "கூடுதல் பரிசீலனை, காத்திருங்க"ன்னு சொல்றாங்கன்னு வைங்க. இதுக்கு இத்தனை நாள்னு காலக்கெடு கிடையாது. 60 நாள் ஆச்சுன்னா:

• ரெண்டு மாச நிலையான செலவு: 4,300 டாலர்
• டிக்கெட் தேதி மாத்த: 300 டாலர்
• கூடுதல்: 4,600 டாலர்

முதல் பட்ஜெட்டோட சேர்த்தா 6,485 டாலர். சுமார் 5.84 லட்சம் ரூபாய். 1.70 லட்சம்னு கிளம்பின பயணம் மூணு மடங்குக்கும் மேல போயிடுச்சு. இதுல வராம போன ரெண்டு மாச சம்பளத்தை நாம சேர்க்கவே இல்ல.

இதுல இருந்து ஒரு சின்ன விதி: கிளம்புற நாள்ல, பயணச் செலவு போக, 3 மாச நிலையான செலவு பேங்க்ல பணமா இருக்கணும். மேல சொன்ன உதாரணத்துக்கு அது 6,450 டாலர். ஷேர்ல இருக்கு, 401கே-ல இருக்குன்னு சொல்லாதீங்க. எடுக்கக் கூடிய சேவிங்ஸ் கணக்குல இருக்கணும். அது இல்லன்னா, இந்த வருஷம் பயணத்தைத் தள்ளி வச்சுட்டு, சேர்த்துட்டு அடுத்த வருஷம் போங்க.

கல்யாணமோ, வீட்டுல உடம்பு சரியில்லாததோ தள்ளி வைக்கிற விஷயம் இல்லன்னு சொல்வீங்க. உண்மைதான். அந்த நேரத்துல போய்த்தான் ஆகணும், போங்க. ஆனா அப்படி ஒரு போன் எப்போ வேணும்னாலும் வரலாம்னு தெரிஞ்சே வெளிநாட்டுல இருக்கோம். அதுக்குத்தான் இந்த ஃபண்டை முன்னாடியே தனியா வைக்கச் சொல்றது. காசு இல்லாததால ஊருக்குப் போக முடியலங்கிற நிலைமை வரக் கூடாது.

7. கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு வாரம்

ஹெச்ஆர்கிட்ட மூணு கேள்வி: தாமதமானா சம்பளமில்லா லீவு எத்தனை நாள் தருவாங்க? இந்தியாவுல இருந்து வேலை பார்க்க அனுமதி உண்டா? கம்பெனி லேப்டாப்பை நாட்டை விட்டுக் கொண்டு போகலாமா? பதிலை ஈமெயில்ல வாங்குங்க. இந்தியாவுல உட்கார்ந்து வேலை பார்த்தா கம்பெனிக்கும் உங்களுக்கும் இந்திய வரிக் கேள்வி வரும். அதனால சொல்லாம கொள்ளாம லாகின் பண்ணி வேலை பார்க்காதீங்க. மாட்டினா வேலையே போகலாம்.

ஹெல்த் இன்ஷூரன்ஸ்: சம்பளமில்லா லீவுல உங்க பங்கு பிரீமியம் எப்படிக் கட்டணும்னு கேட்டுக்கோங்க.

வாடகை: ரூம்மேட்கிட்டயோ வீட்டு ஓனர்கிட்டயோ, தாமதமானா சப்லீஸ் குடுக்கலாமான்னு முன்னாடியே பேசி வைங்க.

ஆட்டோபே: கார் லோன், கிரெடிட் கார்டு, வாடகை எல்லாத்தையும் ஆட்டோபேல போட்டு, அந்தக் கணக்குல பணம் வைங்க. ஒரு தவணை தப்பினாலும் கிரெடிட் ஸ்கோர் அடி வாங்கும்.

ஓடிபி: ரொம்பச் சின்ன விஷயம், ரொம்பப் பெரிய தலைவலி. அமெரிக்க நம்பருக்கு வர்ற ஓடிபி இந்தியாவுல வரலன்னா, உங்க பணத்தை நீங்களே தொட முடியாது. ரோமிங் அல்லது வைஃபை காலிங் வேலை செய்யுதான்னு கிளம்புறதுக்கு முன்னாடியே சோதிச்சுப் பாருங்க.

நகல்கள்: எல்லா பேப்பரையும் ஸ்கேன் பண்ணி உங்க ஈமெயில்ல ஒண்ணு, வீட்டுல நம்பகமான ஒருத்தர்கிட்ட ஒண்ணு.

8. இங்க மாட்டிக்கிட்டா?

221(ஜி) தாள் வந்தா முதல்ல அதைப் பொறுமையா படிங்க. பேப்பர் கேட்டிருந்தா அன்னைக்கே குடுங்க. வெறும் பரிசீலனைனா, தூதரகம் கேட்கிற வரைக்கும் காத்திருக்கிறதைத் தவிர வேற வழியில்ல. பணம் வாங்கிட்டு வேகமா முடிச்சுத் தர்றேன்னு சொல்றவங்க யாரும் உண்மையில்ல.

அன்னைக்கே மூணு பேருக்கு எழுதுங்க: மேனேஜர், டிஎஸ்ஓ, கம்பெனி வக்கீல். அதே வாரம் வீட்டை சப்லீஸுக்கு விட முடியுமா, கார் இன்ஷூரன்ஸைக் குறைக்க முடியுமான்னு பாருங்க. "அடுத்த வாரம் வந்துடும்"னு நினைச்சு ரெண்டு மாசம் முழு வாடகை கட்டினவங்கதான் அதிகம்.

214(பி)ன்னு மறுத்துட்டா, கட்டின 185 டாலர் திரும்பாது. மறுபடியும் போடலாம், புதுக் கட்டணம், புது ஸ்லாட். ஆனா அதே பேப்பர், அதே பதிலோட திரும்பப் போனா அதே முடிவுதான் வரும். எது மாறியிருக்குன்னு காட்ட முடியும்னா மட்டும் போங்க.

9. ஊர்ல இருக்கிற கோ-அப்ளிகன்ட்டுக்கு

தம்பி இங்க வந்து மாட்டிக்கிட்டார், ரெண்டு மாசம் சம்பளம் இல்ல. இஎம்ஐ தவறினா அடி வாங்குறது அவர் சிபில் மட்டும் இல்ல. கோ-அப்ளிகன்ட்டான உங்க சிபிலும்தான். அடுத்த வருஷம் நீங்க வீட்டுக் கடனுக்குப் போகும்போது அந்த லேட் பேமென்ட் முன்னால வந்து நிக்கும்.

அதனால அவர் டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி, இஎம்ஐ போற இந்தியக் கணக்குல 3 மாசத் தவணையை அனுப்பச் சொல்லுங்க. சங்கடப்படாம கேளுங்க. பாசத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல.

கூடவே ஒரு வரி விஷயம்: கல்விக் கடன் வட்டிக்கான 80இ கழிவு பழைய வரி முறையில மட்டும்தான். அதுவும் உங்களுக்காக, துணைக்காக, பிள்ளைகளுக்காக, இல்லன்னா நீங்க சட்டப்படி காப்பாளரா இருக்கிற மாணவருக்காக எடுத்த கடனுக்குத்தான். தம்பி, தங்கச்சி கடனுக்கு நீங்க வட்டி கட்டினா அந்தக் கழிவு உங்களுக்குக் கிடைக்காது. "நான் கட்டுறேன், டாக்ஸ்ல எடுத்துக்கிறேன்"னு திட்டம் போடாதீங்க.

செய்ய வேண்டிய வரிசை

1. ஐ-94, ஐ-20, இஏடி தேதி மூணையும் ஒரு தாள்ல எழுதுங்க. போயே ஆகணுமான்னு முடிவு பண்ணுங்க.
2. ஹெச்-1பி மனு ஏதாவது நிலுவையில இருந்தா வக்கீல்கிட்ட கேளுங்க.
3. 3 மாச நிலையான செலவைக் கணக்குப் போட்டு, தனிக் கணக்குல ஒதுக்குங்க.
4. சோஷியல் மீடியாவை பப்ளிக் ஆக்குங்க, டிஎஸ்-160 நிரப்புங்க, கட்டணம் கட்டுங்க, ஸ்லாட் போடுங்க.
5. ஸ்லாட் கிடைச்ச பிறகு, தேதி மாத்தக் கூடிய டிக்கெட். டிரான்சிட் விதி பார்த்துட்டு.
6. கிளம்புறதுக்கு முந்தின வாரம் டிராவல் கையெழுத்து, கம்பெனி லெட்டர், ஹெச்ஆர் ஈமெயில்.
7. திரும்ப உள்ள போன அன்னைக்கே புது ஐ-94ஐ டவுன்லோட் பண்ணி, பேரும் எஃப்-1ன்னும் சரியா இருக்கான்னு பாருங்க.

மூணாவது வரியைச் செய்யாம நாலாவதுக்குப் போகாதீங்க. பேப்பர்ல ஒரு தாள் குறைஞ்சா ஊர்ல இருந்தே வரவழைச்சுக்கலாம். அக்கவுன்ட்ல பணம் குறைஞ்சா, மாட்டிக்கிட்ட பிறகு அப்பா அம்மாகிட்டதான் போய் நிக்கணும்.

இந்தக் கட்டுரையை ஊருக்கு டிக்கெட் தேடிட்டு இருக்கிற ஒரு நண்பருக்கு இன்னைக்கே அனுப்புங்க. உங்க மாச நிலையான செலவு எவ்வளவுன்னு ராத்திரிக்குள்ள ஒரு தாள்ல எழுதிப் பாருங்க.